கல் யாருடைய பெயரைச் சொல்கிறது?

பழைய கட்டடத்தை இடித்துப் புதியதை எழுப்பும்போது, அதன் கற்களுள் சிலவற்றைப் புதிய சுவரில் பதித்து வைப்பது நல்ல வழக்கம். தாம்பரம், பல்லாவரம், பரங்கிமலை வட்டாரத்தில் ஓட்டு வீடுகள் மறைந்து அடுக்குமாடிகள் பெருகும் இந்நாளில் இவ்வழக்கம் முன்னிலும் தேவையாகிறது. ஆயினும், பழைய கல்லைப் பதித்துவிட்டால் மட்டும் ஒரு சுவர் நினைவுச் சுவராகிவிடுமா? நம் வட்டாரத்தோடு தொடர்புடைய மூன்று கற்களை அருகருகே வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

முதலாவது, பரங்கிமலை உச்சி ஆலயத்தின் பீடத்திற்குப் பின்னே சுவரில் பதிந்துள்ள கற்சிலுவை. 1547-இல் போர்த்துக்கீசியர் அங்கு ஆலயத்திற்கு அடித்தளம் தோண்டியபோது இது வெளிப்பட்டது. முற்காலக் கிறிஸ்தவர்களின் சின்னம் புதிய ஆலயச் சுவரில், அதுவும் அதன் மையத்தில், இடம்பெற்றது. புனித தோமையார் தம் கையாலேயே செதுக்கிய சிலுவை என்பது மக்கள் மரபு. 1558 முதல் அது இரத்தம் வியர்த்தது என்பதும் தலைமுறைகள் போற்றிவரும் செய்தி. சிலுவையைச் சூழ்ந்தோடும் எழுத்துகளை அக்காலத்தில் ஓர் அந்தணரிடம் காட்டியபோது, திருத்தூதரின் வரலாறே அதில் விரிவாக எழுதப்பட்டிருப்பதாக அவர் சொன்னார் எனப் போர்த்துக்கீசிய ஏடுகள் கூறுகின்றன. ஆனால் அவை பழைய பாரசீகத்தின் பஹ்லவி எழுத்துகள் என்று 1873-இல் அறிஞர் பர்னல் விளக்கி எழுதினார். பின்வந்த அறிஞர்கள் பெயரைப் படிப்பதில் வேறுபட்டாலும், சிலுவையை ஆக்கியவன்மீது ஆண்டவர் இரங்க வேண்டும் என்னும் சிறு மன்றாட்டாகவே அதைப் பெரும்பாலும் கொள்கின்றனர். நீண்ட வரலாற்றை எதிர்பார்த்த இடத்தில் ஒரு மனிதனின் எளிய வேண்டுதல் இருந்தது. இதனால் சிலுவையின் மாண்பு குறையவில்லை. நம் நெஞ்சுக்கு இன்னும் நெருங்கி வருகிறது.

இரண்டாவது, சைதாப்பேட்டைப் பாலத்தின் கல்வெட்டு. ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் 1726-இல் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைத் தம் செலவில் கட்டுவித்தார். பரங்கிமலைக்கு ஏறும் படிகளும் அவர் கொடையே. பழைய பாலம் போய், 1960-களில் மறைமலையடிகள் பெயரில் புதிய பாலம் எழுந்தது. பழையதன் நினைவாக எஞ்சியது கல்வெட்டு மட்டுமே. அதிலுள்ள மொழிகள் ஆர்மீனியம், பாரசீகம், இலத்தீன் ஆகிய மூன்று. பாலத்தின்மேல் நாள்தோறும் நடந்த மக்களின் மொழி அதில் இல்லை. கொடையாளியின் பெயர் கல்லில் நின்றது. கடந்து சென்றோர் அதைப் படிக்க வழியில்லாமற் போயிற்று.

மூன்றாவது கல் இங்கிருந்து வெளியூர் சென்றது. கல்கத்தாவின் புனித யோவான் ஆலய வளாகத்தில் ஆங்கிலேய வணிகர் ஜோப் சார்னாக்கின் கல்லறை இருக்கிறது. அதன் கல் பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் கரும்பாறை வகை. நிலவியல் அறிஞர் ஹாலண்டு 1893-இல் இவ்வகைப் பாறைக்கு அக்கல்லறையில் துயில்பவரின் பெயரால் ‘சார்னாக்கைட்’ எனப் பெயரிட்டார். மலை நம்முடையது, பெயரோ அங்கே அடக்கம் செய்யப்பட்டவருடையது. பாறையைப் பிளந்தவர்களும், அதைக் கடற்கரைக்குக் கொண்டு சேர்த்தவர்களும் எப்பெயராலும் அறியப்படவில்லை.

ஆக, ஒரு கல் ஆக்கியவனைச் சொல்கிறது. ஒன்று கொடுத்தவரைச் சொல்கிறது. ஒன்று இறந்தவரைச் சொல்கிறது. கொடுத்தவரையும் இறந்தவரையும் நினைப்பது கடமையே. ஆனால் இம்மூன்றனுள் நினைவுச் சுவருக்கு முன்மாதிரியாகத் தக்கது முதற்கல்லே. உழைத்த கையை மறந்த நினைவு பாதி நினைவுதான்.

“பழைய கல்லே பேசுமே, விளக்கம் எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். பரங்கிமலைக் கல் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பேசிக்கொண்டுதான் இருந்தது. கேட்டவர்களோ வேறொன்றைக் கேட்டார்கள். யோர்தான் ஆற்றிலிருந்து எடுத்த பன்னிரு கற்களை நிறுத்திய யோசுவாவும் கற்களை மட்டும் விட்டுச் செல்லவில்லை. பிள்ளைகள் அவற்றின் பொருளைக் கேட்கும்போது பெற்றோர் விடை சொல்ல வேண்டும் என்று பணித்தார். விடை சொல்ல ஆளில்லாத கல் வெறும் அலங்காரமாகிவிடும்.

எனவே, இனி நம் பங்குகளிலோ பள்ளிகளிலோ பழைய கற்களைக் கொண்டு சுவர் எழுப்புவோர், அருகே நல்ல தமிழில் ஒரு பலகையும் வைக்கட்டும். எந்தக் கட்டடத்துக் கல், எந்த ஆண்டினது, ஏன் இடிக்கப்பட்டது, யார் கட்டினார்கள் என்பன அதில் இருக்கட்டும். பழைய பதிவேடுகளையும் முதியோரின் நினைவையும் தேடினால் கொத்தர், சித்தாள் சிலரின் பெயர்களேனும் கிடைக்கக்கூடும். கிடைக்காவிடில், பெயர் அறியாத உழைப்பாளர்கள் கட்டியது என்று பொறிப்பதும் நேர்மையே. சுவரைக் கடந்து செல்வோர் அவர்களுக்காக ஒரு நொடி மன்றாடினால், பரங்கிமலையில் அன்று ஒருவன் கல்லில் பொறித்து வேண்டிய இரக்கம் இவர்களுக்கும் கேட்கப்பட்டதாகும்.