கொள்கை வரலாறும் மேடைக் குற்றச்சாட்டும்

தேர்தல் மேடையில் ஓர் அபேட்சகர் தம் எதிராளியின் கடந்தகாலச் செயலை எடுத்துரைத்தல் பிழையன்று. வாக்காளர் அதனை அறியும் உரிமையுடையர். எடுத்துரைக்கப்படுவது செயலா, செயலின்மேல் ஒட்டப்பட்ட பெயரா என்பதே எமது வினா. மல்லாவி அடங்கும் வன்னித் தேர்தல் மாவட்டத்திலும், 2015 முதல் 2019 வரையிருந்த அரசுக்குத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அளித்த ஆதரவு பின்வந்த தேர்தல்களில் குற்றச்சாட்டாயிற்று. எந்த வாக்கெடுப்பில், எதன் பொருட்டு, யாருக்கு என்ன விளைந்தது என்ற விவரமோ அருகியே காணப்பட்டது. இம்மரபு பழையது. 1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் அதற்குத் தக்க சான்று.

அத்தேர்தலில் ஜீ. ஜீ. பொன்னம்பலத்துக்கு எதிராகத் தமிழரசுக் கட்சியினர் கூறிய முதன்மைக் குற்றம், மலையக மக்களின் பிரசாவுரிமைப் பறிப்புக்கு அவர் துணைபோனார் என்பது. ஆயின் இங்கு சட்டங்கள் இரண்டு. 1948 ஆகஸ்டில் நிறைவேறிய இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டத்தை, எதிர்க்கட்சி வரிசையிலிருந்து பொன்னம்பலம் எதிர்த்தே வாக்களித்தார். அடுத்த மாதமே அமைச்சரானார். 1949இல் சட்டமான இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமை மசோதாவை ஆதரித்தார். வவுனியாத் தொகுதியின் சி. சுந்தரலிங்கம் இதற்கு நேர்மாறாக நடந்தார். முதற் சட்டம் நிறைவேறியபோது அமைச்சரவையில் இருந்தவர் அவர். இரண்டாவது மசோதாவை ஒட்டியே பதவி துறந்தார். இரண்டையும் எதிர்த்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார்.

இந்நுணுக்கங்கள் யாவும் ‘துரோகி’ என்ற ஒரு சொல்லுள் மறைந்தன. பொன்னம்பலத்தைக் காப்பது எமது நோக்கமன்று. இரண்டாவது சட்டத்துக்கு அவர் பொறுப்பாளியே. ஆனால் அச்சட்டம் கேட்டதென்ன? மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் 1946 சனவரிக்கு முன் இடையறாது வதிந்தமைக்குச் சான்று. விண்ணப்பிக்க 2 ஆண்டுத் தவணை. லயன் அறையில் வாழ்ந்த கூலித் தொழிலாளி அச்சான்றை எங்ஙனம் திரட்டுவான் என்பதை விளக்கியிருந்தால், அது கொள்கை விமர்சனமாக அமைந்திருக்கும். (வசைச்சொல்லுக்கு ஆதாரம் தேடும் சிரமமில்லை என்பதும் மேடைக்கு உவப்பானதே.)

தேர்தல் முடிவும் விந்தையானது. யாழ்ப்பாணத்தில் பொன்னம்பலம் வென்றார். காங்கேசன்துறையில் செல்வநாயகம் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனிடம் தோற்றார். 1965இல் தமிழரசுக் கட்சியும் அதே ஐக்கிய தேசியக் கட்சியின் அரசிற் சேர்ந்து, மு. திருச்செல்வம் அமைச்சரானார். மலையகத்தாரிற் பெருந்தொகையினரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் அமுலாக்கச் சட்டம் 1967இல், அவ்வாட்சியிலேயே வந்தது. முன்னர்ப் பிறர்மீது வீசிய சொல் தம்மீது திரும்பியபோது, தம் நிலையை விளக்க அவர்களுக்கு விவரமும் நுணுக்கமும் தேவைப்பட்டன.

இவ்வழக்கில் பாதிக்கப்பட்டோர் 1952இல் வாக்காளராகவே இருக்கவில்லை; அவர்தம் துயர் பிறர் வாக்கைத் திரட்டப் பயன்பட்டது. 1977 வன்செயலின் பின் அவர்களுட் பலர் வன்னியிற் குடியேறினர். எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. இன்று வன்னிக் கூட்டங்களிற் கேட்போருள் அவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் உளர். தம் பாட்டனின் விண்ணப்பம் எந்தச் சட்டத்தின் எந்த நிபந்தனையால் தள்ளப்பட்டது என்பதை எந்த மேடையும் இன்னும் அவர்களுக்குச் சொல்லவில்லை.