பாட்டுக்கு நடுவே பேச்சு

காரவள்ளி அடிவாரத்திலிருந்து புறப்படும் பஸ், கொல்லிமலையின் மேல்தளத்தை அடைவதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் திரும்புகிறது. நான் எண்ணிக்கொண்டே வந்தேன். நாற்பதுக்கு மேல் தலை சுற்றிவிட்டதால், மீதியைச் சாலையோரப் பலகைகளை நம்பிக் கணக்கில் சேர்த்துக் கொண்டேன். அன்றிரவு மலைமேல் ஒரு சிற்றூரில் கோயில் திருவிழாப் பாட்டுக் கச்சேரி. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பாடகர் பேச்சு எத்தனை முறை திரும்பி வளைகிறது என்று எண்ணத் தொடங்கி, அதையும் பாதியில் விட்டுவிட்டேன். இங்கே கைகொடுக்கப் பலகைகூட இல்லை.

பாடகர் நல்ல குரல் படைத்தவர். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குரல் இல்லாதவர் பேசினால் நமக்கு வருத்தமில்லை; அந்த நேரமாவது பாடாமல் இருக்கிறாரே என்று திருப்திப்படலாம். இவரோ இரண்டு பாட்டுப் பாடினார். இரண்டிலும் மேல் ஸ்தாயி சுத்தமாக நின்றது. அதற்கப்புறம் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையின் விளிம்புக்கு வந்தார். நன்கொடை கொடுத்தவர்கள் பெயரையெல்லாம் வாசித்தார். தாம் எத்தனை மைல் பிரயாணம் செய்து வந்தார், வளைவுகளில் தம் குழுவில் யார் யார் வாந்தி எடுத்தார்கள் என்பதையெல்லாம் விவரித்தார். கீபோர்டு வாசிப்பவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று தெரிவித்தார். கைதட்டச் சொன்னார். தட்டியது போதாது என்றார். "மலைமேலே இருக்கிறவங்களுக்குக் கை மரத்துப்போச்சா? குளிரா?" என்று கேட்டுத் தாமே சிரித்தார். அவர் குழுவினரும் சிரித்தார்கள். எதிரே தரையில் உட்கார்ந்திருந்த இருநூறு முந்நூறு பேர் சிரிக்கவில்லை.

என் பக்கத்தில் போர்வைக்குள் ஒரு பெரியவர் இருந்தார். காலையெல்லாம் மிளகுக் கொடியோடும் காப்பிச் செடியோடும் பாடுபட்டவர். என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "பாட்டு எப்பங்க ஆரம்பிப்பாங்க?"

இதைவிடச் சுருக்கமான சங்கீத விமரிசனத்தை நான் படித்ததில்லை. இந்தக் கட்டுரை முழுவதும் அவருடைய கேள்விக்கு நான் எழுதும் உரைதான்.

பாட்டுக்கு நடுவே பேசவே கூடாது என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அந்தக் கட்சியில் நான் இல்லை. தமிழ்நாட்டில் பாட்டும் பேச்சும் ஒரே வீட்டில் வளர்ந்த அக்காள் தங்கைகள். வில்லுப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புலவர் ஒரு வரி பாடுகிறார், உடனே கதை சொல்லுகிறார், பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுகிறார், மறுபடியும் வில்லில் கோல் விழுகிறது. அந்த "ஆமா"வை எடுத்துவிட்டால் வில்லுக்கு நாணை அறுத்த மாதிரி. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும், காந்தி மகான் கதை சொன்ன கொத்தமங்கலம் சுப்புவும், 2022-ல் மறைந்த சுப்பு ஆறுமுகமும் இந்தப் பேச்சை வைத்துத்தான் ஜனங்களைக் கட்டிப் போட்டார்கள். ஹரிகதையிலும் அப்படியே. பாகவதர் உபகதைக்குள் போய்விட்டால் திரும்பி வர அரைமணி ஆகும். ஆனால் திரும்பும்போது கையில் ஒரு கீர்த்தனம் இருக்கும். தெருக்கூத்தில் கட்டியங்காரன் அடிக்கிற கேலிக்கு ராஜாவும் தப்புவதில்லை. அங்கெல்லாம் பேச்சு பாட்டுக்கு வழிவிடுவதற்காக வருகிறது.

கச்சேரி மேடையின் கதை வேறு. இன்று நாம் கர்நாடக சங்கீதக் கச்சேரி என்று சொல்லும் அமைப்புக்கு உருக் கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கிருதிகள், விஸ்தாரமான ஒரு ராகம், தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடாக்கள் என்று ஓடும் அந்த ஒழுங்கில் பேச்சுக்கு என்று ஓர் இடம் கிடையாது. ஒரு கிருதி முடிந்ததும் தம்பூரா மட்டும் ஒலித்துக்கொண்டிருக்கும். வித்துவான் பக்க வாத்தியத்தைப் பார்த்துத் தலையசைப்பார். அந்த இடைவெளியில் ரசிகன் தன் மனத்துக்குள் போன ராகத்தைச் சுத்தம் செய்து வைத்து, வரப்போகிறதற்கு இடம் பண்ணுகிறான். அந்த மௌனமும் கச்சேரியின் ஓர் உருப்படிதான் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் அந்த மௌனத்திலும் ஒரு குறை இருந்தது. பாடுகிற பாஷை கேட்கிறவனுக்குப் புரியவில்லை. இந்தக் குறையிலிருந்துதான் தமிழிசைக் கிளர்ச்சி பிறந்தது. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. தெலுங்குக் கிருதி பாடுவதற்கு முன்னால் அதன் பொருளை இரண்டு வாக்கியத்தில் ஒரு வித்துவான் சொன்னால், அவர் ரசிகனை அவமதிக்கவில்லை. கைபிடித்து உள்ளே அழைத்துப் போகிறார். நாட்டுப் பாடல்களை மேடைக்குக் கொண்டுவந்த விஜயலட்சுமி – நவநீதகிருஷ்ணன் தம்பதியர் செய்ததும் இந்த உபகாரமே. நடவுப் பாட்டுக்கு வயலில் விளக்கம் தேவையில்லை. சேறு இருக்கிறது, நாற்று இருக்கிறது, குனிந்த முதுகு இருக்கிறது. அதே பாட்டு நாற்காலி போட்ட மண்டபத்துக்கு வரும்போது வயலை வெளியே விட்டுவிட்டு வருகிறது. யார் பாடுவது, எந்த வேலையின்போது, எதற்காக என்று நாலு வார்த்தை சொன்னால்தான் வயலும் கூட வரும்.

வேடிக்கைப் பேச்சையும் நான் தள்ளிவிட மாட்டேன். 1971 ஆகஸ்டு முதல் தேதி, நியூயார்க்கில் வங்காள தேசத்து அகதிகளுக்காக ஒரு பெரிய கச்சேரி நடந்தது. ரவிசங்கரும் அலி அக்பர் கானும் மேடையில் உட்கார்ந்து சிறிது நேரம் சுருதி சேர்த்தார்கள். அது முடிந்ததும் சபை பலமாகக் கைதட்டியது. சுருதி சேர்த்ததே உங்களுக்கு இவ்வளவு பிடித்திருந்தால், வாசிப்பது இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என்கிற கருத்தில் ரவிசங்கர் ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். சபை சிரித்தது, அறியாமை வெளிப்பட்டது, ஆனால் யாரும் புண்படவில்லை. அடுத்த நிமிஷம் எல்லாருடைய காதும் கூர்மையாகிவிட்டது. அந்த ஒரு வாக்கியத்தின் வேலை காதைத் திருத்துவது. வேலை முடிந்ததும் அது ஒதுங்கிக் கொண்டது.

இப்போது மலைக்குத் திரும்புவோம். நான்காவது பாட்டுக்கு முன்னால், பாடகர் பேச்சு உச்சத்தில் இருந்தபோது, மின்சாரம் போய்விட்டது.

ஒலிபெருக்கி செத்தது. விளக்குகள் அணைந்தன. வாயைத் திறந்தபடி இருந்த பாடகர், தம் குரல் தம் காலடியிலேயே விழுவதைக் கேட்டுத் திகைத்தார். ஜெனரேட்டரைக் கிளப்ப ஆள் ஓடினான். யாரோ ஒருவர் கைப்பேசி விளக்கைக் காட்டினார். அப்புறம் பத்துப் பதினைந்து விளக்குகள். குளிரும் இருட்டும் சுற்றி நின்றன. ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். யாரும் அசையவில்லை. பாடகர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மேடையைவிட்டு இறங்கித் தரையில் வந்து உட்கார்ந்தார். "கீபோர்டு ஓடாது. தபலா மட்டும் வா" என்றார். தபலாக்காரர் வந்தார். "மெதுவா வாசிப்பா. என் குரல் கடைசி வரிசைக்குப் போகணும்." பிறகு எதிரே இருந்த ஓர் அம்மாளைப் பார்த்து, "என்ன பாட்டும்மா பாடட்டும்?" என்று கேட்டார். அந்த அம்மாள் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு முருகன் பாட்டைச் சொன்னாள்.

பாடினார். நான் அதிகம் வர்ணிக்கப் போவதில்லை. பக்கத்துப் பெரியவர் போர்வையை இறக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார் என்று மட்டும் சொல்லுகிறேன்.

அந்த ராத்திரியிலே எனக்குப் புறநானூற்றின் 152-வது பாட்டு ஞாபகம் வந்தது. வன்பரணர் பாடியது, இதே கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றியது. ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று அந்தப் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஆடி 17, 18 தேதிகளில் செம்மேட்டில் அரசு நடத்தும் ஓரி விழாவிலும் அந்த வில்லுக்குத்தான் முதல் மரியாதை. அம்புக்கு அப்புறம் பாட்டில் என்ன வருகிறது என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

காட்டில் எதிர்ப்பட்ட அந்த வேட்டுவன் யார் என்று பாணர் கூட்டத்துக்குத் தெரியாது. மார்பில் கிடக்கும் ஆரத்தைப் பார்த்து, இவன் விலைக்கு ஊன் விற்கிறவன் அல்ல என்று தலைவன் ஊகிக்கிறான். பாடலாம் என்று முடிவு செய்கிறான். உடனே தன் கூட்டத்தாரிடம் பேசுகிறான்: விறலி, நான் ஒரு வண்ணம் பாடப்போகிறேன், நீங்கள் முழவில் மார்ச்சனை போடுங்கள், யாழில் பண்ணை நிறுத்துங்கள், தூம்பை ஊதுங்கள், எல்லரியையும் ஆகுளியையும் தட்டுங்கள், பதலையின் ஒரு முகத்தை மட்டும் மெல்லத் தட்டுங்கள். இப்படிப் போகிறது.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய மேடைப் பேச்சு இது. மேடைதான் இல்லை. "மெல்ல" என்று அவன் சொன்னதையும், "மெதுவா வாசிப்பா" என்று இவர் சொன்னதையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். மின்சாரம் போனவுடன் நம் பாடகர், தமக்குத் தெரியாமலே, தம்முடைய பாட்டன் முப்பாட்டன் பாஷையைப் பேசிவிட்டார். இரண்டும் வேலை செய்கிறவன் பேச்சு. கொத்தனார் சித்தாளிடம் கலவை கேட்பதுபோல, உழுகிறவன் மாட்டிடம் பேசுவதுபோல, அதிலே வீண் வார்த்தை கிடையாது. அதைக் கேட்பதே கேட்கிறவனுக்கு ஓர் உபசாரம். இங்கே ஒரு காரியம் நடக்கப் போகிறது என்று அவனும் தயாராகிறான்.

பாட்டு மேலே போகிறது. இருபத்தொரு துறையும் முறையாகப் பாடி முடித்து, "கோ" என்று அழைக்கும்போது, அது தன்னைக் குறிக்கும் சொல்லாகையால் ஓரி வெட்கப்படுகிறான். உன்னை ஒத்த வேட்டுவர் எங்கும் இல்லை என்று அவர்கள் சொல்லத் தொடங்குகிறார்கள். அதற்கு மேலே அவன் விடவில்லை. மான் இறைச்சியும் மதுவும் தந்து, தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுத்து அனுப்பி விடுகிறான். பாட்டைக் கடைசிவரை கேட்டான். பாராட்டைப் பாதியில் நிறுத்தினான். நன்கொடையாளர் பட்டியலை வாசிக்கிறவர்களும், வாசிக்கச் சொல்லுகிறவர்களும் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கலாம்.

அடுத்த பாட்டையும், 153-ஐயும், அவர்கள் படிக்க வேண்டும். ஓரி கொடுத்த வெள்ளி நாரில் தொடுத்த பொற்பூவையும் யானையையும் பெற்றுப் பசி நீங்கிய கூத்தர் கூட்டம், ஆடலையும் பாடலையும் மறந்துவிட்டதாம். இதை வள்ளலின் புகழாகவே உரை சொல்லுவார்கள். சரிதான். ஆனால் கலைஞன் படித்தால் கொஞ்சம் திடுக்கிட வேண்டிய வரி அது. பசியினால் பாட்டு நின்றது உண்டு. வயிறு நிறைந்தும் நிற்கும்.

பாடகரை மட்டும் குற்றம் சொல்லி முடிப்பது நியாயமில்லை. ஏன் அவர் அவ்வளவு பேசினார்? அவருக்கு எங்களைப் பற்றிப் பயம். நான்கு வினாடி சும்மா இருந்தால் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பட்டணத்து மேடைகள் சொல்லிக் கொடுத்திருக்கும். நம்முடைய அமைதியின்மையும் சொல்லிக் கொடுத்திருக்கும். கைதட்டலைக் கேட்டு வாங்குகிறவன் பிச்சை எடுக்கவில்லை. உயிருக்குப் பயந்து கதவைத் தட்டுகிறான். மலைமேல் இருக்கிறவர்களுக்குக் கை மரத்துவிட்டது என்று கேலி செய்ததும் அந்தப் பயத்தின் இன்னொரு முகம்தான். ஆனாலும் அந்த வார்த்தையை நான் மன்னிக்கத் தயாரில்லை. பயந்தவன் தனக்குக் கீழே என்று யாரை நினைக்கிறானோ அவர்கள் மேல்தான் வார்த்தையை எறிகிறான். எழுபது வளைவு ஏறி வந்ததனால் தாம் கீழேயிருந்து வந்தவர் என்பதை அவர் மறந்துவிட்டார்.

அந்த முருகன் பாட்டு முடிந்தபோது யாரும் கைதட்டவில்லை. இருட்டில் ஒரு நிமிஷம் எல்லாரும் அப்படியே இருந்தோம். பாடகரும் பேசவில்லை. அவருக்கு அந்த மௌனம் புரிந்தது என்று நினைக்கிறேன். தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். யாரும் எழுந்து போகவில்லை என்பதையும் அவர் பார்த்திருப்பார்.

அப்போது ஜெனரேட்டர் உறுமியது. விளக்குகள் எரிந்தன. அவர் மேடை ஏறி, ஒலிபெருக்கியை எடுத்து, இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். "கைதட்டல் பத்தாதுங்களே!" என்றார்.

பெரியவர் என்னைப் பார்த்தார். பிறகு, பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்துத் தட்டினார்.