குளத்தைத் தூர்ப்பவர் யார்?

போர் ஓய்ந்ததும் நகர மக்களை வளைத்துக்கொள்ளும் அடுத்த பகை நோயேயாம். வீடிழந்தோர் ஒருங்கே நெருங்கி வாழ்வர், உணவு அருகும், கழிவுநீர் தேங்கும். 1945ஆம் ஆண்டில் தோல்வியுற்ற ஜப்பான் இந்நிலையில்தான் இருந்தது. மறு ஆண்டில் அங்கே 30,000 பேருக்கு மேல் பேன்வழிப் பரவும் டைபஸ் காய்ச்சலுக்கு ஆளாயினர். காசநோயோ அதனினும் கொடிது. 1950 வரையில் அந்நாட்டில் மிகுதியான உயிர்களைக் கொண்ட நோய் அதுவே.

அக்காலத் தோக்கியோ நகரின் ஏழை மக்கள் பகுதி ஒன்றைக் கண்முன் நிறுத்துகிறது, அகிரா குரோசாவா 1948இல் இயக்கிய ‘குடிகாரத் தேவதூதன்’ என்னும் திரைப்படம். கள்ளச் சந்தை நடக்கும் அப்பகுதியின் நடுவே குப்பையும் கழிவும் நிறைந்து குமிழியிடும் குளம் ஒன்று உண்டு. அதன் கரையில் சிறு மருத்துவசாலை நடத்துகிறார் சனாடா. மருந்துக்கென வைத்த சாராயத்தையே குடித்துவிடும் மருத்துவர் அவர். வாயில் வசை, நெஞ்சில் ஈரம். கையில் பாய்ந்த குண்டை எடுக்கவேண்டி அவரிடம் வருகிறான் மட்சுநாகா என்னும் இளம் போக்கிரி. அவன் இருமலைக் கேட்டதுமே காசநோயென ஐயுறுகிறார் மருத்துவர். நோயை ஒப்புக்கொள்வது கோழைத்தனம் என்பது அவன் எண்ணம். இவ்விருவர் போராட்டமே கதை. தகாஷி ஷிமுராவும் தோஷிரோ மிபுனேயும் இப்பாத்திரங்களாகவே வாழ்ந்திருக்கின்றனர்.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து கொடுப்பவன் என மருத்துவத்தை நான்காகப் பகுத்துக் காட்டுகிறது. இந்நான்கையும் கொண்டு படத்தை அளந்து பார்ப்போம். நோயாளி உளன், அவன் அடங்க மறுக்கிறான். மருத்துவர் உளர், எக்ஸ்ரே கருவி அவரிடம் இல்லை. அது, கார் வைத்திருக்கும் வசதி படைத்த மருத்துவரிடம் இருக்கிறது. அருகிருந்து பேண மியோ என்னும் பெண் இருக்கிறாள்; சிறை மீண்ட கொடியவன் ஒருவனுக்கு அஞ்சி அவளே ஒளிந்து வாழ்கிறாள். மருந்து யாது? மனிதனுக்கு முதன்மையான மருந்து பகுத்தறிவு என்கிறார் சனாடா. அவர் சொற்படி நடந்த பள்ளி மாணவி ஒருத்தி நலம் பெறுகிறாள். கேளாத மட்சுநாகா கத்திச் சண்டையில் மாய்கிறான்.

இங்கேதான் நமக்கு ஐயம் எழுகிறது. மாணவியையும் போக்கிரியையும் எதிரெதிர் நிறுத்தி, பிழைத்தவர் அறிவால் பிழைத்தார், மாண்டவர் அறியாமையால் மாண்டார் என முடிப்பது எளிது. ஆனால் குளம்? மருத்துவர் அதனருகே விளையாடும் சிறுவரை அதட்டி விரட்டுகிறார். சிறுவர் மீண்டும் வருவர். விளையாட அவர்களுக்கு வேறிடம் ஏது? படம் முடியும்போது நலமுற்ற மாணவியுடன் கைகோத்து மருத்துவர் மகிழ்வோடு நடக்கிறார். குளம் அப்படியே கிடக்கிறது. அதைத் தூர்க்க ஒருவரும் வரவில்லை. வரவேண்டுமென்று கேட்பாரும் இல்லை.

இக்குறையை இயக்குநர்மேல் மட்டும் சுமத்துதல் நேர்மையாகாது. அன்று ஜப்பானை ஆண்டது அமெரிக்கப் படை. திரைப்படங்கள் அதன் தணிக்கைக்கு உட்பட்டவை. ஆட்சியைக் குறைகூற வாய் திறக்க இயலாத நிலையில், அக்குளத்தைத் திரும்பத் திரும்பக் காட்டியதே குரோசாவாவின் துணிவு எனலாம். மருத்துவரின் வாய் தனிமனிதனின் அறிவைப் பேசுகிறது; படக்கருவியின் கண்ணோ ஊரின் அழுக்கை நோக்குகிறது. இரண்டில் கண்ணே மெய் சொல்கிறது என்பது எம் துணிபு.

பின் நிகழ்ந்த வரலாறும் இதற்குச் சான்று. 1951இல் ஜப்பான் காசநோய்த் தடுப்புச் சட்டத்தைப் புதிதாக இயற்றியது. மக்களைச் சோதித்தறிதல், பி.சி.ஜி. தடுப்பூசி, மருத்துவச் செலவில் அரசின் பங்கு என்பவை அதில் இடம்பெற்றன. ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகளும் பரவின. அவ்வாண்டிலேயே காசநோய் முதலிடத்தினின்று இறங்கியது. நோயாளியின் மனவுறுதி வேண்டற்பாலதே. ஆயினும் கொடிய நோயை நாடு தழுவி அடக்கியது பொதுப்பணியே.

ஆசிரிய அன்பர்கள் இப்படத்தை ஒருமுறை காணுதல் நன்று. கை கழுவு, நகம் வெட்டு, கொதித்த நீர் பருகு என மாணவர்க்கு நாம் ஓதுகிறோம்; ஓதவும் வேண்டும். ஆனால் குழாயில் நீர் வராத வீட்டுப் பிள்ளையை, அழுக்காய் வந்தான் என்று வகுப்பில் நிற்கவைத்தல் முறையா? சுகாதாரப் பாடத்திற்கு இரு பகுதிகள் உண்டு. ஒன்று, தன் உடலைப் பேணுதல். மற்றொன்று, ஊரின் குளத்தைத் தூர்க்கும் கடமை யாருடையது எனக் கேட்டல். முதற்பகுதியோடு நின்ற சனாடா நல்ல மருத்துவர். இரண்டாம் பகுதியையும் கற்பிப்பவரே நல்லாசிரியர்.