முகவரிப் பஞ்சமும் ஆறாம் பதிப்பும்

இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பு 1981இல் வரையப்பட்டபோது முகவரிக்கென 32 பிட்டுகளே ஒதுக்கப்பட்டன. ஏறத்தாழ 430 கோடி முகவரிகள். அவை போதா என்பது உணரப்பட்டதும் பல வரைவுகள் போட்டியிட்டன. 1994இல் தெரிவானது 'சிப்' எனும் வரைவு. அதன் 64 பிட் முகவரி 128 ஆக விரிக்கப்பட்டே ஆறாம் பதிப்பாயிற்று. 64 போதும் என்போரும், நீளம் மாறத்தக்கதாயிருத்தல் வேண்டும் என்போரும் வாதிட்டனர்.

குறை வேறிடத்திலுள்ளது என்பதே என் துணிபு. புதியது பழையதுடன் நேரே உரையாடாது. இரண்டையும் ஒருங்கே இயக்கினால், பழைய முகவரிகள் தீருமுன் அனைவரும் மாறிவிடுவர் என வடிவமைத்தோர் நம்பினர். ஆனால் மாறுபவனுக்குச் செலவு உடனடியானது. பயனோ பிறரும் மாறிய பின்னரே. முகவரிகளை முன்னரே குவித்துக்கொண்ட மேனாட்டு நிறுவனங்களுக்கு அவசரம் இருக்கவில்லை. நமது ஆசிய பசுபிக் பிராந்தியத்திலோ 2011 ஏப்ரிலில் பொது ஒதுக்கீடு முடிந்து, எஞ்சியவை கூப்பன் அரிசிபோல் அளந்தே வழங்கப்பட்டன.

ஒரே வளவிலுள்ள பல குடும்பங்கள் ஒரே இலக்கத்திற்குக் கடிதம் பெறுவதுபோல, பல வாடிக்கையாளர் ஒரு முகவரியைப் பகிரும் ஏற்பாடு இதனாலேயே பெருகிற்று. இணையப் பக்கங்களைப் பார்வையிட அது போதுமானது. எனினும், அவ்வாறு பகிர்ந்த முகவரியோடு பொத்துவிலில் தன் வீட்டுக் கணினியிலிருந்தே ஒரு தளத்தை நடத்த விழையும் மாணவனை வெளியார் நேரே அணுக இயலாது.