விரல்களுக்கு ஓர் இலக்கணம்

பள்ளிக்கரணையில், வேளச்சேரி–தாம்பரம் சாலையிலிருந்து சற்று உள்ளடங்கிய ஒரு வீட்டு மாடியில், பொறியியல் முதலாண்டு மாணவர் ஒருவர் தம் கணிப்பொறியின் முன் திகைத்து அமர்ந்திருந்ததைச் சில மாதங்களுக்கு முன் கண்டேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர். பள்ளியில் பைத்தான் மொழியை ‘ஐடில்’ என்னும் எடிட்டரில் பழகியவர். அங்கே கண்ட்ரோல் விசையுடன் எஸ் தட்டினால் நிரல் சேமிக்கப்படும். எஃப்5 தட்டினால் ஓடும். கல்லூரியிலோ லினக்ஸ் முனையத்தில் ‘விம்’ எடிட்டரில் எழுதச் சொல்லியிருந்தார்கள். பழக்கத்தில் கண்ட்ரோல்-எஸ் தட்டினார். திரை உறைந்துவிட்டது. எந்த விசைக்கும் பதில் இல்லை. இயந்திரம் பழுதாகிவிட்டது என்றே நம்பிவிட்டார்.

பழுது ஒன்றுமில்லை. தொலைத்தட்டச்சு இயந்திரங்களின் காலத்தில், ‘சற்று நிறுத்து’ என்று மறுமுனைக்குச் சொல்லும் குறியே கண்ட்ரோல்-எஸ். ‘இனி அனுப்பு’ என்பதற்குக் கண்ட்ரோல்-கியூ. முனையங்கள் பலவற்றில் அந்த வழக்கம் இன்றும் உயிரோடிருக்கிறது. கண்ட்ரோல்-கியூ தட்டியதும் திரை விழித்துக்கொண்டது. மாணவரின் முகம் மட்டும் தெளியவில்லை. சுவரில் நூறு குறுக்கு விசைகள் கொண்ட அச்சிட்ட பட்டியல் ஒன்றை ஒட்டி வைத்திருந்தார். பாதியை மனப்பாடம் செய்தாயிற்று. ஆனாலும் கை ஓடவில்லை. “இதுக்கெல்லாம் இங்கிலீஷ் மீடியத்துல படிச்சிருக்கணும் சார்” என்றார்.

இந்த முடிவு சரியா? பட்டியல் குற்றமா, பயில்பவர் குற்றமா? விம் எடிட்டருடனேயே வரும் ‘விம்டியூட்டர்’ என்னும் பாடத்தை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். அமெரிக்காவில் கொலராடோ சுரங்கவியல் கல்லூரியைச் சேர்ந்த மைக்கேல் பியர்ஸ், ராபர்ட் வேர் ஆகிய இருவர் எழுதியது; விம்மை ஆக்கிய பிராம் மூலனார் பின்னர் அதை விம்முக்கு ஏற்பத் திருத்தினார். முனையத்தில் விம்டியூட்டர் என்று தட்டினால் போதும். பாடத்தின் நகல் ஒன்று திறக்கும். அதை நீங்கள் எப்படிச் சிதைத்தாலும் மூலத்துக்கு ஊறில்லை. ஏழு பாடங்கள், அரை மணி நேரம்.

முதலில் இந்த எடிட்டரின் விசைகள் ஏன் இப்படி அமைந்தன என்பதை அறிந்துகொள்ளுங்கள். விம்மின் முன்னோடியான ‘வி.ஐ.’ எடிட்டரை 1976 வாக்கில் பெர்க்கிலியில் எழுதியவர் பில் ஜாய். அவர் வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக 300 பாட் வேகத்தில் வேலை செய்தவர். அதாவது நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகள். 24 வரியும் வரிக்கு 80 எழுத்தும் கொண்ட திரையில் 1,920 இடங்கள் உண்டு. முழுத் திரையையும் ஒருமுறை புதுப்பிக்க ஒரு நிமிடத்துக்கும் மேல், 64 நொடி ஆகும்! அப்படிப்பட்ட இடத்தில் கட்டளைகள் ஓரெழுத்தாகச் சுருங்கியதில் வியப்பென்ன? அவர் கையாண்ட ஏ.டி.எம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகள் ஹெச், ஜே, கே, எல் ஆகிய விசைகளின் மேலேயே அச்சாகியிருந்தன. எனவே இடம், கீழ், மேல், வலம் என்பவற்றுக்கு அந்த நான்கும் ஆயின. எஸ்கேப் விசையும் இன்று டேப் இருக்கும் இடத்தில் இருந்தது. நம் விசைப்பலகையில் அது தொலைதூர மூலைக்குப் போய்விட்டது. விம்மின் முதல் பதிப்பு 1991-இல் அமிகா கணிப்பொறிக்கு வெளிவந்தது. பிராம் மூலனார் 2023 ஆகஸ்டில் மறைந்தார்.

பாடத்தின் சிறப்பு இரண்டாம் பாடத்தில் இருக்கிறது. டி என்றால் நீக்கு. டபிள்யூ என்றால் அடுத்த சொல்லின் தொடக்கம் வரை. டி டபிள்யூ என்றால் சொல்லை நீக்கு. டாலர் குறி என்றால் வரியின் இறுதி வரை. ஆகவே டி டாலர் என்றால் இங்கிருந்து வரி முடியும் வரை நீக்கு. இடையில் 2 சேர்த்தால் இரண்டு சொல். டி-க்குப் பதில் சி போட்டால் நீக்கிவிட்டு மாற்றி எழுதலாம். இதைத்தான் சுவரில் ஒட்டிய பட்டியல் மறைத்துவிட்டது. பத்து வினைகளும் பத்து அளவைகளும் சேர்ந்து நூறு கட்டளைகளைத் தரும்போது, பட்டியல் நூறையும் தனித்தனியே மனப்பாடம் செய்யச் சொல்கிறது. நீங்கள் பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்கள்தானே? நடந்தான், நடந்தாள், நடந்தார் என்று அகராதி போட்டு யாரும் மனப்பாடம் செய்வதில்லை. பகுதியும் விகுதியும் தெரிந்தால் சொல் தானே பிறக்கும்.

இன்னொரு சிறப்பு: வெளியேறும் வழியை இப்பாடம் முதலிலேயே சொல்லிவிடுகிறது. ‘விம்மை விட்டு வெளியேறுவது எப்படி?’ என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் கேட்கப்பட்ட ஒரு கேள்வியைப் பார்வையிட்டோர் எண்ணிக்கை 2017-இல் பத்து லட்சத்தைத் தாண்டியது. ஆகவே திகைப்பவர் பள்ளிக்கரணை மாணவர் மட்டும் அல்லர். ஆங்கிலமே தாய்மொழியாகக் கொண்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள்.

இனிக் குறைகளுக்கு வருவோம். விசைகள் நினைவில் நிற்பதற்கு இப்பாடம் நம்பியிருப்பது ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தை. டிலீட் என்பதால் டி. வேர்ட் என்பதால் டபிள்யூ. அது கூடப் பெரிய தடையில்லை. நம் மாணவர்களுக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும். நகலெடுக்க ஒய் என்பதுதான் வேடிக்கை. சி, மாற்றுவதற்கு உரியதாகிவிட்டது. எனவே பிடுங்குதல் என்று பொருள்படும் ‘யாங்க்’ நகலெடுப்பதற்கு வந்து சேர்ந்தது. இது ஆங்கிலேயருக்கும் விநோதமாகவே தோன்றும்.

பெரிய தடை சொல் வரிசையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் வினை முன்னே, செயப்படுபொருள் பின்னே. விம்மும் அப்படியே: ‘நீக்கு, சொல்லை’. நம் மனமோ ‘சொல்லை நீக்கு’ என்று நினைக்கிறது. அந்த மாணவரை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கவனித்தேன். ஒவ்வொரு முறையும் டபிள்யூ விசையை முதலில் தட்டிவிட்டு, கர்சர் தாவியதைக் கண்டு விழித்தார். ஆனால் விம்மிலேயே தமிழ் வரிசைக்கும் வழியுண்டு. வி விசையைத் தட்டி, வேண்டிய பகுதியை நகர்ந்து தேர்ந்துகொண்டு, பிறகு டி தட்டலாம். பொருள் முன், வினை பின்! விம்டியூட்டர் இதை ஐந்தாம் பாடத்தில், கோப்பின் ஒரு பகுதியைச் சேமிப்பதற்கான உபாயமாகக் காட்டி, நீக்கலாம் என்பதை ஒரு குறிப்பாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறது. தமிழ் மாணவர்களுக்கு நான் கற்பித்தால் இரண்டாம் பாடத்திலேயே இதை வைப்பேன். ‘கக்கூன்’, ‘ஹீலிக்ஸ்’ என்னும் பிற்கால எடிட்டர்கள் முழுவதுமே இந்த வரிசையில் அமைந்தவை. அவற்றில் முதலில் டபிள்யூ, பிறகு டி.

பயிற்சி வாக்கியங்களும் நமக்கு உதவாதவை. எழுத்துகள் இரட்டித்துப்போன ஒரு குழந்தைப் பாட்டு வரியை எக்ஸ் விசையால் சீராக்கச் சொல்கிறார்கள். அந்தப் பாட்டு தெரிந்தவருக்கு எது பிழை என்பது உடனே தெரியும். தெரியாதவர் இரண்டு வேலை செய்ய வேண்டும். என்னிடமுள்ள பிரதியுடன் ஜெர்மன், ஜப்பானியம், வியட்நாமியம் முதலிய பல மொழிகளில் இப்பாடம் இருக்கிறது; தமிழில் இல்லை.

தமிழில் ஆக்க முனைபவர் வாக்கியங்களை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. விசைப்பலகையைத் தமிழ்99-க்கு மாற்றிவிட்டு (1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற அமைப்பு இது) ஹெச், ஜே, கே, எல் தட்டிப்பாருங்கள்: க, ப, ம, த என்று போகும். விம்முக்கு அவை கட்டளைகள் அல்ல, கர்சர் அசையாது. ஆனால் விம்முக்குள்ளேயே ‘கீமேப்’ என்றொரு வசதி உண்டு. அதன்வழி தமிழ் எழுதினால், எழுதும் நிலையில் மட்டும் விசைகள் தமிழாகும். கட்டளை நிலையில் ஆங்கிலமாகவே நிற்கும். விம்முடன் வரும் தமிழ்ப் பலகை யூனிகோடு அல்லாத ‘டிஸ்கி’ குறியேற்றத்துக்கானது. ஆகவே தமிழ்99-க்கு ஒரு சிறு கோப்பு நாமே எழுதிக்கொள்ள வேண்டும். எழுத்துக்கு ஒரு வரி; ஒரு மாலை நேர வேலை.

அதை எழுதிக்கொண்டபின் மாணவருக்கு நான் கொடுத்த முதற் பயிற்சி அவருடைய ஊர்ப் பெயர்தான். ‘பள்ளிக்கறணை’ என்று பிழையாகத் தட்டிக் கொடுத்தேன். கர்சரை ‘ற’ மேல் நிறுத்தி, ஒரேழுத்தை மாற்றும் ஆர் விசையைத் தட்டி, ‘ர’ தட்ட வேண்டும். ஆர் ஆங்கிலமாகவும் அடுத்த தட்டல் தமிழாகவும் போவதைக் கண்டு சிரித்துவிட்டார். எக்ஸ் விசையைச் சோதிக்க ‘ளி’ மேல் நிறுத்தித் தட்டினார். ளகரமும் இகரக் குறியும் சேர்ந்தே மறைந்தன. கணிப்பொறிக்குள் அவை இரண்டு குறிகள்; விம் வழக்கமான அமைப்பில் உயிர்மெய்யை ஓரெழுத்தாகவே நடத்துகிறது. யூ விசையைத் தட்டி அதைத் திரும்பக் கொண்டுவந்தார். பட்டியல் இன்னும் சுவரில் இருக்கிறது. அதன் மேல் கல்லூரிக் கால அட்டவணையை ஒட்டியிருக்கிறார்.