குன்ட்ஸ் நரம்பின் மேல் எவ்வளவு பழி போடலாம்?

வில்லியனூரை ஒட்டிய ஒதியம்பட்டில் சித்திரை வெயிலுக்கு யாருக்குத்தான் வியர்க்காது? ஆனால் விடைத்தாளில் மை கரையாமலிருக்க மணிக்கட்டுக்குக் கீழே கைக்குட்டையை மடித்து வைத்து எழுதும் பிள்ளைக்கு மார்கழியிலும் உள்ளங்கை சொட்டும். களிம்பு, மின்னோட்டச் சிகிச்சை, போட்டாக்ஸ் ஊசி எதற்கும் அடங்காவிட்டால், மார்புக்குள் கேமராக் குழாய் விட்டு, வியர்வையைத் தூண்டும் பரிவு நரம்புத் தொடரைத் துண்டிக்கும் அறுவையைப் பற்றி மருத்துவர் பேசுவார். அது பலிக்காத சிலர் விஷயத்தில் முதலில் கூண்டில் ஏற்றப்படுவது குன்ட்ஸ் நரம்பு.

1927இல் ஆல்பர்ட் குன்ட்ஸ் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் விவரித்த கிளை இது. இரண்டாம் விலா இடை நரம்பிலிருந்து மேலேறி முதல் மார்பு நரம்போடு சேரும் மெல்லிய இழை. கைக்கான பரிவு இழைகளில் பெரும்பாலானவை கழுத்தடியிலுள்ள ஸ்டெல்லேட் நரம்பு முடிச்சு வழியாகப் போகின்றன. இது அந்த முடிச்சைத் தொடாத புறவழிச்சாலை.

எத்தனை பேருக்கு இது உண்டு என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. சிலவற்றில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு, சிலவற்றில் பாதிப்பேருக்கு மேல். ஒரே உடலில் வலமும் இடமும்கூட ஒத்திருப்பதில்லை. இந்த இடைவெளிக்கு மனித உடலை மட்டும் காரணம் சொல்வது சரியல்ல. உடற்கூறு மேசையில் விலா எலும்பின் கழுத்தருகே படலத்தை இடுக்கியால் உரித்து, கொழுப்பை வழித்தெடுத்தால் நூல் போன்ற கிளைகள் தெரியும். படலம் மூடியிருக்க, கேமராவில் பார்ப்பவருக்கு அவற்றில் பல அகப்படாது. இரண்டாம் விலாவைக் குறுக்கே கடக்கும் எந்த இழையையும் குன்ட்ஸ் என்று எண்ணுபவர்களும் உண்டு.

இருக்கிறதா என்பதைவிட, அதில் என்ன ஓடுகிறது என்பதுதான் கேள்வி. கைக்கான கட்டளைகள் தண்டுவடத்தை விட்டுப் பெரும்பாலும் இரண்டாம் மார்பு மட்டத்துக்குக் கீழேயே வெளியேறி, தொடர் வழியே மேலே ஏறுகின்றன. மூன்றாம் விலாவின் மேல் தொடரை வெட்டினால், குன்ட்ஸ் கிளையை எட்டுமுன்பே அவை அறுபடுகின்றன. மிச்சமாவது இரண்டாம் மட்டத்திலிருந்து வருவது மட்டும். அதுவே கையை நனைக்கப் போதுமானால் மூன்றாம் விலா அறுவை அடிக்கடி தோற்க வேண்டும். ஆனால் மிகப் பெரும்பாலோருக்குக் கை காய்ந்துவிடுகிறது. ஆகவே இந்த அறுவையின் தோல்விக்குக் குன்ட்ஸ் முக்கியக் காரணம் என்ற வாதம் நிற்கவில்லை.

வேறொரு வழக்கில் அதே நரம்பு தப்ப முடியாது. கை வலிக்காகக் கழுத்தில் ஸ்டெல்லேட் முடிச்சை மரக்கச் செய்யும்போது இமை தொங்கும், கண்மணி சுருங்கும். தலைக்குப் போகும் பரிவு இழைகள் மரத்துவிட்டன என்று பொருள். அப்படியும் சிலருக்கு, எதிர்பார்த்தபடி கை சூடேறாது. அங்கே புறவழி என்ற விளக்கம் பொருந்துகிறது.

விலாவின் மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் பக்கவாட்டிலும் சுட்டு, தப்பிய கிளைகளைப் பிடிக்கும் வழக்கம் உண்டு. மூன்றாம் விலாவில் அதைச் செய்தால் பெரிதாக இழப்பதற்கில்லை. கீழ் இடைவெளிகளிலும் இத்தகைய கிளைகள் சிலருக்கு உண்டு. குன்ட்ஸைத் தேடி இரண்டாம் விலாவுக்கு ஏறுவதுதான் வீண்வம்பு. ஸ்டெல்லேட் முடிச்சு பக்கத்திலேயே இருக்கிறது. சூடு பட்டால் இமை தொங்கிப்போகும்.

முடிச்சுகள் ஆளுக்கு ஆள் இடம் மாறுவதால்தான், அறுவையின் மட்டத்தை விலா எண்ணால் குறிக்க வேண்டும் என்று அமெரிக்க மார்பு அறுவை மருத்துவர் சங்கத்தின் 2011 நிபுணர் குழு சொன்னது. குன்ட்ஸ் விவாதத்தைவிட நோயாளிக்கு இது உதவும்.

புதுச்சேரியின் புழுக்கத்தில் எனக்கு இன்னும் கனமாகப் படுவது ஈடுசெய் வியர்வை. கை காய்ந்தபின் முதுகும் வயிறும் சட்டையை நனைக்கும். சிலருக்கு அது பழைய தொல்லையைவிடப் பெரிது. நான்காம் விலாவில் வெட்டினால் கை சற்று ஈரமாகவே இருக்கலாம், ஆனால் இந்தத் தொல்லை குறைகிறது. பாகூர்ப் பக்கம் கரும்புக் கொல்லையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு அறுவை வேண்டியே தீருமென்றால், என் தராசு நான்காம் விலாவின் பக்கம்தான் சாய்கிறது.