‘புயலிலே ஒரு தோணி’ காட்டும் நகரம்

பகைவர் நாட்டை எரியூட்டுதலையும் கொள்ளையிடுதலையும் உழபுல வஞ்சி, மழபுல வஞ்சி என நம் புறப்பொருள் நூலார் வகுத்தனர். ஆயின் அத்துறைகளில் ஓங்கி ஒலிப்பது வென்றவன் புகழே. தோற்ற நகரின் கடைத்தெருவில் நின்ற எளியவன் கண்டது யாது? இவ்வினாவுக்கு விடை தருவது, ப. சிங்காரம் எழுதி 1972 இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’ என்னும் நாவல்.

சிங்கம்புணரியிற் பிறந்த சிங்காரம் 1938 இல் சுமத்திராவின் மெடான் நகருக்குப் பிழைப்பு நாடிச் சென்றவர். ஆதலின் அவர் காட்டும் தெருக்கள் ஏட்டறிவால் எழுந்தவை அல்ல. 1942 மார்ச்சில் ஜப்பானியர் மெடானுட் புகுகின்றனர். நேற்றுவரை ஆண்ட டச்சுக்காரர் சிறுமையுறுகின்றனர். கொள்ளையிட்டோரின் வெட்டுண்ட தலைகள் மக்கள் காண வைக்கப்படுகின்றன. ஆசிரியரோ இரங்கி அழுவதுமில்லை, வெற்றிமுரசு கொட்டுவதுமில்லை. அதிகாரம் கைமாறும்போது சாமானியன் முதலிற் கற்பது அச்சமே என்பதைக் காட்டி அமைகின்றார். இந்நடுநிலையே நாவலின் தலையாய சிறப்பு எனலாம்.

எனினும், மலைநாட்டு வாசகனுக்கு ஒரு குறை தோன்றாமற் போகாது. கதைத்தலைவன் பாண்டியன் வட்டிக்கடைத் தொழிலுக்காகக் கடல் கடந்தவன். பெட்டியடி, அடுத்தாள், மேலாள் என்னும் படிகளே அவனறிந்த உலகம். அதே போரில் மலாயா இறப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் சயாம்–பர்மா இரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். அவர்கள் துயரம் இக்கதையின் நடுவிடத்தைப் பெறவில்லை.

எம் பாட்டனார் இவ்விலங்கைத் தேயிலை மலைக்கு ஏறினார். அவர் தம்பியார் மலாயாவுக்குக் கப்பலேறினார். சயாமுக்குக் கொண்டுபோகிறார்கள் என்ற செய்தியோடு தம்பியாரின் கடிதங்கள் நின்றன. 1942 ஏப்ரல் 5 இல் கொழும்பில் குண்டு விழுந்தும், இம்மலைகளிற் பகைப்படை கால்வைக்கவில்லை. இரு சகோதரரின் விதியைப் பிரித்தது, அவரவர் ஏறிய கப்பலன்றி வேறென்ன?

இதனைச் சிங்காரத்தின் பிழையெனல் தகாது. தாம் அறிந்த கடைத்தெருவை அவர் பொய்யின்றி எழுதினார். லயத்து மக்களின் போர்க்காலத்தை எழுதும் கடமை, லயத்திற் பிறந்து எழுத்தறிந்த நம்மையே சாரும். அம்முதியோரின் நினைவுகளை வீடுகளிற் கேட்டு வளர்ந்த மாணவர், அவற்றை மறக்குமுன் எழுதிவைப்பாராக.